கூண்டின் இடப்பக்கம்

வியாழக்கிழமை காலை முதலாளி அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் முதலாளி ரெமிஜியஸ் சார். அவருக்கு வலது கைப்பக்கம், ஏசிக்கு நேர் கீழே, சூப்பர்வைசர் ஹரிஷ். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிரஸ் ஆப்பரேட்டர் எல்லம்மா. இன்னொன்றில், பிரஸ்ஸில் சிக்கி விரல்கள் போன அவருடைய இடது கை, கட்டோடு, ஒரு தலையணை மேல். கையைத் தொங்கவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஃபிட்டர் கோவிந்தப்பா கதவை ஒட்டி நின்றார். உட்காரச் சொன்னதற்கு, பேண்ட் எல்லாம் ஆயில் என்றார். டிராயிங் போடும் தாரணி, பிரிண்டர் பேப்பர் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். சொர்ணம் என்கிற நான், கம்பெனிக் கடிதங்கள் எழுதுகிறவள், பீரோவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில்.

ஏசியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே தகட்டை அடித்து வெட்டும் பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் எல்லம்மாவின் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எழுதிக்கோ சொர்ணம்," என்றார் முதலாளி. "டு தி இன்ஸ்பெக்டர் ஆஃப் ஃபேக்டரீஸ். ஆப்பரேட்டர், அவசரத்துல, சேஃப்டி கூண்டைத் தானே கழட்டி வெச்சிட்டு வேலை செஞ்சிருக்காங்க. சூப்பர்வைசர் ரெண்டு தடவை எச்சரிச்சும் கேக்கலை. கூண்டு நல்ல நிலைமையிலதான் இருந்துது, இருக்குது. இதுக்குப் பொருள்னு ஒண்ணு போடுவியே, அதையும் போட்டுக்கோ."

சேஃப்டி கூண்டு என்பது பிரஸ் அடிக்கிற இடத்தைச் சுற்றி மாட்டும் இரும்புவலைப் பெட்டி. கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான் அது. அதைத் தொழிலாளியே கழற்றினார் என்றால் நஷ்டஈடு கேட்க முடியாது. இது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், எல்லம்மாவுக்கும்.

"நீங்க கழட்டினீங்களா எல்லம்மாக்கா?" என்று கேட்டேன். கடிதம் எழுதுகிறவள் கேட்கத்தானே வேண்டும்.

எல்லம்மா முதலாளியைப் பார்த்தார். "ஹூம்மா. கழட்டிட்டேன்."

"எந்தப் பக்கத்து போல்ட்டை முதல்ல கழட்டினீங்க?"

"ஏய், நீ என்ன வக்கீலா?" என்றார் ஹரிஷ். "சொன்னதை எழுதும்மா."

முதலாளி சத்தம் போடவில்லை. கெட்ட மனிதர் என்று அவரை என்னால் எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்க அவர்தான் நின்றார். "எல்லம்மாவை நான் விட்டுட மாட்டேன்," என்றார். "கூட்டிப் பெருக்கிற வேலை குடுத்து இங்கேயே வெச்சிக்கிறேன். பொண்ணு ரக்ஷிதா சும்மாதானே இருக்கா, திங்கக்கிழமை வந்து அம்மா பிரஸ்லயே உட்காரட்டும். கேஸு கீஸுன்னு போனா கம்பெனியை மூடிட்டு நான் லிங்கராஜபுரத்துல வீட்டு வாசல்ல உட்கார வேண்டியதுதான். அப்புறம் யாருக்கு என்ன கிடைக்கும்?"

எல்லம்மா வலது கையால் கையெழுத்துப் போட்டார். கன்னடத்தில் அழகாகச் சுழித்துப் போடுவார். ஹரிஷ் போட்டார். கோவிந்தப்பா, கூண்டை டிராயிங் பார்த்துத்தான் செய்தேன் என்ற வரிக்குக் கீழே போட்டார், அது உண்மைதான். மிச்சம் இருந்தது தாரணி. கூண்டின் டிராயிங் சரியாக இருந்தது என்று அவள் போட வேண்டும்.

"ஒரு தடவை கூண்டைப் போய்ப் பார்த்துட்டு வந்து போடறேன் சார்."

"என்ன பார்க்கறதுக்கு? நீ போட்ட டிராயிங்தானே?"

"நான் போட்டதுனாலதான் சார்."

முதலாளிக்கு யாரோ ஃபோன் செய்தார்கள். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டுடு," என்று கையை அசைத்துவிட்டார்.

தாரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரூர்ப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் கம்பெனிக்கு வந்தது டெஸ்பேட்ச் செக்கிங் வேலைக்கு. பழைய டிசைனர் திடீரென்று வேறு இடத்துக்குப் போனபோது அவருடைய கம்ப்யூட்டரும் அதிலிருந்த டிசைன் சாஃப்ட்வேரும் அப்படியே நின்றன. வேறு ஆள் எடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. மேசை டிராயரில் கிடந்த ஒரு தடிமனான வழிகாட்டிப் புத்தகத்தைத் தாரணி கையில் கொடுத்து, "டிப்ளமோதானே, படிச்சுக்கோ," என்றார். அதுவும் அசல் புத்தகமில்லை, ஜெராக்ஸ். பெரிய பக்கத்தைச் சின்னத் தாளில் எடுத்து, ஸ்பைரல் போட்டது. அமெரிக்காவில் யாரோ எழுதியது.

என் மேசையும் அவள் மேசையும் ஒட்டி ஒட்டி. அவள் படித்ததை முழுக்க நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புத்தகம் பழைய வெர்ஷனுக்கு எழுதியது, எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது புதுசு. இடதுமேல் மூலையில் பட்டன் இருக்கும் என்று புத்தகம் சொல்லும், அங்கே ஒன்றும் இருக்காது. "அக்கா, இவன் வீட்டுக்கு வழி சொல்ற மாதிரியே சொல்றான், ஆனா அந்த டீக்கடையை இடிச்சிட்டாங்க," என்பாள். முதலில் ஒரு சதுரம் வரைந்து அதைத் தடிமனாக இழுத்துக் கட்டையாக்கினாள். பிறகு கட்டையில் ஓட்டை. ஓரத்தை மழுக்குவது எப்படி என்ற பாடத்தில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டாள். அளவு எல்லாம் இன்ச்சில் வந்து நின்றபோது அதை மில்லிமீட்டராக மாற்றுகிற இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் ஒன்றைப் பாகம் பாகமாகச் செய்து கோர்க்கிற பாடம் முடிந்த அன்று, மௌஸைச் சுற்றச் சுற்றத் திரையில் வைஸ் தாடை மூடித் திறந்ததை, டீ கொண்டுவந்தவரைக்கூட நிறுத்திக் காட்டினாள். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். அதற்குப் பிறகு கம்பெனியின் எல்லா டிராயிங்கும் அவள்தான்.

பெரும்பாலும் பழைய டிராயிங்குகளைத் திறந்து அளவு மாற்றுகிற வேலை. அதில் ஒன்றும் தப்பு வராது. புதிதாக, ஒன்றுமில்லாத தாளிலிருந்து அவள் போட்ட முதல் டிராயிங் அந்தக் கூண்டு.

அறையிலிருந்து வெளியே வந்ததும் தாரணி கூண்டு டிராயிங்கின் பிரிண்டை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனாள். நானும் போனேன். எல்லம்மாவின் பிரஸ் மட்டும் நின்றிருந்தது. சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். கூண்டு மாட்டியபடியே இருந்தது. நாலு போல்ட்டிலும் பெயிண்ட் உரியாமல் இருந்தது. கழற்றி மாட்டிய போல்ட் அப்படி இருக்காது.

தகட்டுப் பட்டை வலப்பக்கத்திலிருந்து பிரஸ்ஸுக்குள் போகும். அதனால் கூண்டின் வலப்பக்கத்தில் ஒரு வாய் வேண்டும், பட்டையும் அதைத் தாங்கும் ரோலரும் நுழைகிற அளவுக்கு. அவை நுழைந்துவிட்டால் அங்கே கை போக இடமிருக்காது. அந்த வாய் இருந்தது, ஆனால் கிரைண்டரால் அறுத்துத் திறந்த மாதிரி, ஓரமெல்லாம் பிசிறாக. இடப்பக்கம் மூடியிருக்க வேண்டும். அங்கே, நன்றாக ஃபினிஷ் செய்து, ஓரம் மடித்து, இன்னொரு வாய். அதில் பட்டையும் இல்லை, ரோலரும் இல்லை. வெறும் திறப்பு. தாரணி பிரஸ்ஸின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் இடது கையை அதற்குள் விட்டாள். முழங்கை வரை போயிற்று.

"கோவிந்தப்பாண்ணே," என்று கூப்பிட்டாள். "இடப்பக்கம் ஏன் திறந்தீங்க?"

"நீ போட்டதுதானே," என்றார் அவர், பிரிண்டைத் தட்டி. "இந்தா, நடுவுல முன்பக்கம். அதுக்கு வலது பக்கத்துல போட்டிருக்கே பாரு, இந்த வாய் வெச்சது. அது இடப்பக்கப் பார்வைதானே? பண்ணிட்டேன். மாட்டினா பட்டை போகலை. ஹரிஷ் சார் வலது பக்கம் அறுத்துவிடுன்னார். அறுத்துவிட்டேன். இது ஃபினிஷ் பீஸ் வெளிய எடுக்கறதுக்குன்னு நெனச்சேன்."

தாரணி மேசைக்கு வந்தாள். வழிகாட்டியில் டிராயிங் தாள் போடும் அத்தியாயத்தைப் பிரித்தாள். பிறகு திரையில் தாளின் மேல் வலது கிளிக் செய்து, இதுவரை திறந்தே பார்க்காத ஒரு பெட்டியைத் திறந்தாள். என்னை இழுத்துக் காட்டினாள்.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒரு பொருளை வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதை முன்பக்கப் படத்துக்கு வலப்பக்கத்திலேயே வரைவது அமெரிக்க வழக்கம். நம் பட்டறைகளில் அதை இடப்பக்கம் வரைவார்கள். எந்த வழக்கம் என்று சொல்ல, தாளின் கீழ் மூலையில் இரண்டு வட்டமும் ஒரு வெட்டின கூம்பும் சின்னமாகப் போடுவார்கள். தாரணி புத்தகம் சொன்ன தாளை எடுத்து, புத்தகம் சொன்ன முறையில், வலப்பக்கத்தை வலப்பக்கம் வரைந்தாள். புத்தகத்தின் பக்கங்களிலெல்லாம் அந்தச் சின்னம் இருந்திருக்கும். ஜெராக்ஸ் எடுத்தவர் பெரிய பக்கத்தைச் சின்னத் தாளில் அடக்கியபோது கீழ் மூலை வெட்டுப்பட்டுப் போயிருந்தது. எங்கள் கம்பெனி பிரிண்ட் எடுக்கும் தாளிலோ, நம் வழக்கத்துச் சின்னம் முன்பே அச்சாகி வந்துவிடுகிறது. அமெரிக்க முறையில் வரைந்த படம் நம் முறைச் சின்னத்துக்கு மேல் அச்சானது. அதைப் படித்த கோவிந்தப்பா சரியாகத்தான் படித்தார். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் ஹரிஷ் கையெழுத்து இருந்தது.

"டிப்ளமோவுல இதைப் படிச்சேன் அக்கா," என்றாள் தாரணி. "பென்சில்ல எத்தனை ஷீட் போட்டிருக்கேன். இது கம்ப்யூட்டர், அதுவே பார்த்துக்கும்னு விட்டுட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தாள், எந்தப் பக்கத்திலாவது மூலை மிச்சமிருக்கிறதா என்பதுபோல.

மத்தியானம் அவள் ஹரிஷிடம் போனாள். இடப்பக்கத்தை மூட ஒரு தகடு போதும், கோவிந்தப்பா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெல்டு அடித்துவிடுவார், டிராயிங்கையும் திருத்திவிடலாம் என்றாள்.

ஹரிஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கத்தான் பேசினார். "பைத்தியமா பிடிச்சிருக்கு? இன்ஸ்பெக்டர் வந்து புது வெல்டைப் பார்த்தா எப்போ அடிச்சதுன்னு கேப்பான். டிராயிங்கைத் திருத்தினா திருத்தின தேதி விழும். ஆக்சிடெண்ட்டுக்கு அப்புறம் ஏன் திருத்தினேன்னு கேப்பான். அவன் வந்து போற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடக்கூடாது."

"அதுவரைக்கும் பிரஸ் நிக்குமா சார்?"

"பிரஸ் ஏன் நிக்கணும்? ஆர்டர் இருக்கு. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வர்றால்ல."

"அதே கூண்டோடயா?"

"அவ அம்மா மாதிரி கையை விடாம இருந்தா ஒண்ணும் ஆகாது. மேடம், நீங்க புக்கைப் பார்த்து டிசைன் கத்துக்கிட்டவங்க. அதோட நில்லுங்க."

பக்கத்து பிரஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். தாரணி திரும்பி வந்துவிட்டாள். நான் முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் சொர்ணம். முதல் வேலையா அதைத்தான் செய்வேன்," என்றார். இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன். கடிதம் போனால்தானே வருவார், தாரணி கையெழுத்தை வாங்கு என்றார்.

சாயங்காலம் எல்லம்மா வீட்டுக்குப் போனோம். பொம்மனஹள்ளியில், நானும் தாரணியும் தங்கியிருக்கும் ரூமிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஒரே அறை. எல்லம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். ரக்ஷிதா கீழே உட்கார்ந்து அவருக்காக சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயசு. ஒரு துணிக்கடை வேலையைப் போன மாசம்தான் விட்டிருந்தாள்.

தாரணி சுற்றி வளைக்கவில்லை. "எல்லம்மாக்கா, தப்பு என்னோடது. டிராயிங்கை மாத்திப் போட்டுட்டேன். அந்த இடப்பக்க ஓட்டை இருந்திருக்கவே கூடாது. நீங்க கூண்டைக் கழட்டலைன்னு நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

எல்லம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பிடு தாயி," என்றார். கன்னடத்தில் விடு என்று அர்த்தம். "ஆனது ஆயித்து. நீ எழுதினா எனக்கு விரல் முளைக்குமா?"

"நஷ்டஈடு கிடைக்கும்க்கா."

"எப்போ? ஆடுகோடியில எங்க மாமா ஒருத்தரு லாரி ஆக்சிடெண்ட்டுன்னு கோர்ட்டுக்குப் போனாரு. அவரு செத்தே போயிட்டாரு, கேஸு இன்னும் ஓடுது. இங்க எனக்கு வேலை இருக்கு, இவளுக்கு வேலை இருக்கு. நான் கழட்டினேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இப்போ நீ இல்லேன்னு எழுதினா நான் பொய்க்காரியா? ரெண்டு பேரையும் வெளிய தள்ளுவாங்க. நல்லது பண்றேன்னு வந்து வாயில மண்ணு போடாதே." பிறகு என்னைப் பார்த்தார். "சொர்ணம்மா, நீ படிச்சவ, நீ சொல்லு இவளுக்கு."

அவர் சொன்னதில் எதுவும் தப்பு இல்லை.

தாரணி ரக்ஷிதாவிடம் திரும்பினாள். "திங்கக்கிழமை உட்காரும்போது இடது கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சரியா? பின்னால கட்டிக்கிட்ட மாதிரி நெனச்சுக்கோ."

"ஒரு கையிலயே பட்டையும் தள்ளி, பீஸும் எடுக்கணுமா?" என்று ரக்ஷிதா சிரித்தாள். "கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டு நீங்க ஈஸியா சொல்லிடுவீங்க. ஒரு துண்டு உள்ள மாட்டிக்கிச்சுன்னா ஹரிஷ் சார் அங்கிருந்தே கத்துவாராம். 'ஏய், எடுறி'ன்னு. கிட்ட இருக்கிற ஓட்டையிலதானே கை போகும்? அம்மா என்ன வேணும்னேவா விட்டாங்க?"

எல்லம்மா, "சும்மனிரு," என்று அவளை அதட்டினார். ஆனால் முகம் மாறிவிட்டது. மகள் சொன்னதை அவர் அப்போதுதான் கேட்டது போலிருந்தது. சாத்துக்குடிச் சுளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"அவளை அனுப்பாதீங்கக்கா," என்றாள் தாரணி.

"அனுப்பாம?" என்றார் எல்லம்மா. அவ்வளவுதான். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்று மறுபடியும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது, கதவைச் சாத்திட்டுப் போங்க, கொசு வரும் என்றார்.

ரூமுக்கு வந்து தாரணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "இன்ஸ்பெக்டருக்கு எழுதித் தருவீங்களா அக்கா? என் இங்கிலீஷ்ல எழுதினா குப்பையில போட்டுடுவாங்க."

எழுதினால் என்னென்ன ஆகும் என்பதை வரிசையாக அவளிடம் சொன்னேன். டிராயிங் போட்டவர் என்று அவள் பேர் இருக்கிறது. தப்பு என்று தானே ஒப்புக்கொண்டால் அவள் மேலேயே கேஸ் வரலாம். இந்த ஊரில் வேறு எந்த டிசைன் வேலையும் கிடைப்பது கஷ்டம். எல்லம்மா வேலை போகும், ரக்ஷிதாவுக்குக் கிடைக்காது. கம்பெனிக் கடிதம் எழுதுவது நான் ஒருத்திதான், என் வாக்கியங்களை முதலாளி பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். என் வேலையும் போகும். இதெல்லாம் சொன்ன பிறகு, கடிதம் போனாலும் திங்கட்கிழமைக்குள் யாரும் வந்து பார்ப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை என்பதையும் சொன்னேன்.

"போகலைன்னா உறுதியா யாரும் வர மாட்டாங்கல்ல," என்றாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, கேட்பதை முதல் வரியிலேயே கேட்டுவிடு, காரணத்தை அப்புறம் எழுது என்பார்கள். அப்படியே எழுதினேன். முதல் வரி: திங்கட்கிழமை காலைக்குள் இந்த பிரஸ்ஸை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு கூண்டின் இடப்பக்கம், அது எப்படி வந்தது, வரைந்தவர் யார், எந்த முறையில், எந்தத் தாளில். போல்ட்டுகளில் பெயிண்ட் உரியவில்லை என்பது. எல்லம்மா கூண்டைக் கழற்றவில்லை, வேலைக்குப் பயந்து கையெழுத்திட்டார் என்று எழுத வேண்டிய வரியில் நின்றேன். வேலைக்குப் பயந்து என்பதை அடித்துவிட்டு, வேலை தருவதாகச் சொன்னதன் பேரில் என்று மாற்றினேன். தாரணி ஒரு இடத்தில் மட்டும் நின்று படித்தாள். 'கவனக்குறைவால்' என்று நான் போட்டிருந்தேன். அறியாமையால் என்று மாற்றட்டுமா என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டு, "வேண்டாம், கவனக்குறைவுன்னே இருக்கட்டும்," என்றாள். நான் கேட்கவே இல்லை. அதற்குள் பேசிமுடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கூண்டின் டிராயிங்கை இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று, முன்பு போட்டபடியே. இன்னொன்று, நம் வழக்கப்படி திருத்தி, இடப்பக்கம் மூடி. திருத்தியதைச் சேமித்தபோது அன்றைய தேதி தானாக விழுந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. ஹரிஷ் இரண்டு தடவை எங்கள் மேசைப்பக்கம் வந்து போனார். முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "கையெழுத்து?" என்றார். "சாயங்காலம் சார்," என்றாள் தாரணி.

சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீஸுக்குப் போனோம். கம்பெனிக் கவர் வேண்டாம் என்று வழியிலேயே ஒரு பழுப்புக் கவர் வாங்கிக்கொண்டோம். அங்கே நின்று தாரணி கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, எழுதியவர் என்று நானும் போட்டேன். அப்படிப் போட வேண்டியதில்லை, ஆனால் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். டிராயிங் தாள்களை மடித்தபோது மடிப்பு சரியாகக் கூண்டின் குறுக்கே விழுந்தது. பிரித்து, வேறு விதமாக மடித்து வைத்தாள்.

கவுண்டர் பக்கத்துப் பசை டப்பா காய்ந்து போயிருந்தது. தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, கவர் வாயில் தடவி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லோக்கல்தானே, ஸ்பீடு போஸ்ட்டா?" என்று கன்னடத்தில் கேட்டார் கவுண்டரில் இருந்த பெண். ஆமாம் என்றேன். எடை போட்டார். "நாளைக்குப் போயிடுமா மேடம்?" என்று தாரணி கேட்டாள்.

"நாளைக்கு சனிக்கிழமை. ஆபீஸ் திறந்திருந்தா வாங்குவாங்க. இல்லேன்னா திங்கள்."

"திங்கள் எத்தனை மணிக்கு?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்று சொல்லிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, கவரைப் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டார்.